மாலைப் படிப்பு மையத்துக்கு நிதி: பொருளுக்குக் கிடைக்கிறது, ஆளுக்குக் கிடைப்பதில்லை

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து 2019இல் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, இரண்டு மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தி வருகிறோம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள். பெரும்பாலோரின் தாய்மார்கள் காலணித் தொழிற்சாலைகளில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். பள்ளி நான்கேகாலுக்கு விட்டுவிடும். கம்பெனிப் பேருந்து ஊருக்குள் வர ஏழு மணியாகிவிடும். இடைப்பட்ட நேரத்துக்காகத்தான் மையமே. உள்ளூர்ப் பெண்கள் நால்வர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருவர் பி.எட். முடித்தவர்கள், மற்ற இருவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள்.

இப்போது ஒரு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து ஐந்து லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பணத்தில் 20 டேப்லெட், ஒரு பெரிய தொலைக்காட்சி, கற்றல் செயலிக்கு ஓராண்டுச் சந்தா ஆகியவற்றை மட்டுமே வாங்க வேண்டுமாம். ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம் கேட்டதற்கு, அது நிர்வாகச் செலவு என்றும், சட்டப்படி 5 விழுக்காட்டுக்கு மேல் அனுமதி இல்லை என்றும், வேண்டுமானால் 25,000 ரூபாய் எடுத்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு நன்கொடையாளர் தந்த பத்து டேப்லெட்டுகள் இன்றும் எங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. ஆறில் சார்ஜே ஏறுவதில்லை. ஒன்றின் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து நிற்கிறது. முதுகில் ஒட்டிய நன்கொடையாளரின் ஸ்டிக்கர் மட்டும் பத்திலும் பளிச்சென்று இருக்கிறது. அவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய ஆசிரியை, மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் எங்களால் தர முடியாததால், ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டார். இந்த ஐந்து லட்சத்தை வாங்குவதா, வேண்டாம் என்பதா? வாங்குவதென்றால் மதிப்பூதியத்தை எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பேரேடு:

இருபது ஆண்டுகளாக அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் தணிக்கை பார்த்து வருபவன் என்ற முறையில் முதலில் அந்த 5 விழுக்காட்டுக் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டுக்குப் பத்துப் பேராவது இதே கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவுக்கான விதிகளில் 5 விழுக்காடு என்ற வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அது உங்கள்மேல் விதிக்கப்பட்ட வரம்பு அல்ல. நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவைப் பொதுவாக நடத்துவதற்குத் தானே செய்யும் செலவு, அந்த ஆண்டின் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதே விதி. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் சேராது என்று அதே வரையறை சொல்கிறது. கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் கல்விச் செலவாகத்தான் கொள்ளப்படும், நிர்வாகச் செலவாக அல்ல என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதில் விளக்கமும் தெளிவாக்கிவிட்டது. பாடம் நடத்தும் மையத்தில் பாடம் நடத்துபவரின் ஊதியம் நிர்வாகச் செலவு என்றால், சமையல்கூடத்தில் அரிசியும் நிர்வாகச் செலவுதான்.

அந்த விளக்கத்தை அச்செடுத்து, உரிய வரியில் கோடிட்டு, கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். சண்டைக்குப் போகும் தொனி வேண்டாம். அங்கே மின்னஞ்சல் அனுப்பியவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். போன ஆண்டுக் கோப்பைப் பார்த்து எழுதியிருப்பார்.

இன்னொன்று, சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கிவிட்டீர்களா? 2021 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத அமைப்பு வழியாக எந்த நிறுவனமும் சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவிட முடியாது. உங்களைப் போன்ற அறக்கட்டளை என்றால் வருமான வரிச் சட்டப்படி 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) ஆகிய இரண்டு பதிவுகளும் இருக்க வேண்டும்; இதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவத்தையும் காட்ட வேண்டும். 2019இல் தொடங்கியதால் அதில் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன்.

தாமதப்பேருந்து:

ஒரு தனியார் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு விலகியவன் நான். பேரேடு ஐயா சொன்னது சட்டப்படி முற்றிலும் சரி. ஆனால் சட்டம் தெரிந்த நிறுவனங்களும் ஏன் டேப்லெட்டையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன்.

படம் எடுத்துப் போடலாம் என்பதற்காகத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரிய காரணம் கணக்குத்தான். தந்த பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது விதி. 20 டேப்லெட் வாங்கினால் ஒரே ஒரு பில். நான்கு ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம் என்றால் ஆண்டுக்கு 48 பட்டுவாடா, வருகைப் பதிவேடு, நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் அதற்கொரு விளக்கக் கடிதம். அதிகாரி எதை விரும்புவார்? அடுத்தது மார்ச் 31. செலவாகாமல் நிற்கும் தொகையை, தொடர்திட்டம், அதாவது ஓராண்டைத் தாண்டி நடப்பது, என்று வகைப்படுத்தியிருந்தால் நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். வகைப்படுத்தவில்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சொல்லப்பட்ட நிதிகளில் ஏதேனும் ஒன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பிப்ரவரியில் கையில் பணம் நின்றால், ஒரே வாரத்தில் செலவாகிற பொருளைத்தான் எந்த மேலாளரும் தேடுவார். நானும் தேடியிருக்கிறேன். ஒரு மார்ச் மாதத்தில் மூன்று பள்ளிகளுக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தேன்; அவற்றில் ஒரு பள்ளியில் தண்ணீர் இணைப்பே இல்லை என்பது பொருத்தப் போனவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எனவே இரண்டு யோசனைகள். நிதியாண்டின் தொடக்கத்தில், அதாவது ஜூன், ஜூலையில், போய்ப் பாருங்கள். மதிப்பூதியம் கேட்பதானால் ஓராண்டுத் திட்டமாகக் கேட்காமல் தொடர்திட்டமாகக் கேளுங்கள். தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நடத்த விதி இடம் தருகிறது, இயக்குநர் குழு ஒப்புக்கொண்டால் போதும். கூடவே, பெரிய பெயர்களின் பின்னாலேயே போகாதீர்கள். நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்டாலே ஒரு நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு அதன் கடமை. அந்தத் தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனியாக சி.எஸ்.ஆர். குழு அமைக்க வேண்டியதில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். அதாவது, சராசரி லாபம் 25 கோடிக்குள் இருக்கும் உள்ளூர்த் தொழிற்சாலையின் முதலாளியை நேரில் பார்த்தால் காரியம் அங்கேயே முடிய வாய்ப்பு உண்டு. உங்கள் மையத்தில் படிப்பது அவர் ஆலையில் தைக்கும் பெண்ணின் பிள்ளையாகவே இருக்கும்; நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது.

மூன்றாம் மணி:

இங்கே எல்லோரும் நிதியை எப்படி வாங்குவது என்று பேசுகிறீர்கள். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். எனக்கு அடிப்படையிலேயே ஒரு நெருடல் இருக்கிறது. பள்ளிக்குப் பிறகு பிள்ளையைக் கவனிப்பது அரசின் பொறுப்பா, ஒரு நிறுவனத்தின் மனமிரங்கலா? 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தந்தார்கள்; அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் ஊரில் அந்த வகுப்புகளை நடத்திய பெண்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் சிலர் நின்றுவிட்டார்கள். அக்கறை குறைந்து நிற்கவில்லை. வேறு வேலை கிடைத்ததும் போனார்கள். ஆகவே அரசானாலும் நிறுவனமானாலும், சொல்லிக்கொடுப்பவரின் கூலியைத்தான் முதலில் சுருக்குகிறார்கள் என்பது என் கருத்து. டேப்லெட்டைக் குறை சொல்லி நிறுவனத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. உங்கள் மையத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னத் தருகிறீர்களா? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் இருக்கிறது, மதியம் சத்துணவு இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கும் தாய் வேலையிலிருந்து திரும்பி உலை வைப்பதற்கும் இடையே ஏழு மணி நேரம். ஐந்து மணிக்குப் பிள்ளை வகுத்தல் கணக்கில் தப்புவிடுவதற்குக் காரணம் கணிதம் இல்லை, வயிறு.

கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள்; மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். ஆனால் கட்டடம் பொதுச்சொத்தாகத்தான் இருக்கும், அதிலும் ஆளுக்குச் சம்பளம் கிடையாது.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி. சி.எஸ்.ஆர்-1 எண் போன ஆண்டே வாங்கிவிட்டோம். மூன்றாம் மணி ஐயா கேட்டதற்குப் பதில்: தருகிறோம். ஐந்து மணிக்குச் சுண்டல், ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு. தெருமுனையில் வண்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அலுமினியக் குண்டானில் கொண்டுவந்து, வாசற்படியில் உட்கார்ந்து தையல் இலையில் பகிர்ந்து கொடுப்பார். சுண்டல் வராத நாளில் வருகை குறைவதை நாங்களே பதிவேட்டில் பார்த்திருக்கிறோம்.

நேற்றிரவு நண்பர்களோடு உட்கார்ந்து முதல்முறையாக முழுச் செலவையும் எழுதிப் பார்த்தோம். நான்கு ஆசிரியைகளுக்கு மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். சுண்டல் ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய், 60 பிள்ளைகள், 220 நாள்கள் என்று 1,05,600. இரண்டு இடத்துக்கும் வாடகை 60,000. நோட்டு, மின்கட்டணம், சில்லறைச் செலவு 40,000. கணக்கெழுதவும் தணிக்கைக்கும் 30,000. ஆகமொத்தம் 5,23,600. இதில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரும் இல்லை. அந்த வேலையை இத்தனை நாளும் நான்தான் சம்பளமின்றிப் பார்த்து வருகிறேன்.

பேரேடு:

அங்கேதான் தவறு செய்கிறீர்கள். சின்ன அமைப்புகள் எல்லாமே செய்யும் தவறு இது. உங்கள் உழைப்பைக் கணக்கில் காட்டாவிட்டால் மையம் மலிவாக நடப்பதுபோல் தோன்றும். நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் மையமும் படுத்துவிடும். ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 12,000 என்று சேர்த்து எழுதுங்கள். 1,44,000 கூடி 6,67,600 ஆகிறது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11,127, மாதத்துக்கு 930 ரூபாய்க்குள். இந்த ஒரு எண்ணை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அறங்காவலரே சம்பளம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அறக்கட்டளைப் பத்திரம் தடுக்காமல் இருந்து, வேலைக்கும் ஊருக்கும் தகுந்த தொகையாக இருந்து, தீர்மானப் புத்தகத்தில் முறையாக எழுதப்பட்டிருந்தால் வாங்கலாம். மிகையாக எடுத்தால் வருமான வரித்துறை கேள்வி கேட்கும், வரிவிலக்கே ஆட்டம் காணும். பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பதிவு செய்த நாளோடு அதை மடித்து வைத்தவர்களே அதிகம்.

முகவரியில்லாதவன்:

சென்னையில் சற்றுப் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நிதி திரட்டும் வேலையில் இருக்கிறேன். வெளிநாட்டு நிதி பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்படும்வரை, எங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டு நன்கொடை பெற்று, அதே சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து தருவோம். அந்தத் திருத்தம் ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றுவதையே தடை செய்துவிட்டது. எங்கள் பங்கீட்டை நம்பியிருந்த மையங்கள் சிலவற்றுக்கு அந்த ஆண்டு நான்தான் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அது கொரோனா நேரம், பள்ளிகளும் மூடிக் கிடந்தன. அதற்குமேல் எழுத விருப்பமில்லை. நேரடியாகப் பதிவு பெறலாம் என்றால், மூன்றாண்டு செயல்பாட்டோடு கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு இப்போது அந்த வழி வேண்டாம்.

அதற்குப் பதில், ஊரிலிருந்து படித்துப் போனவர்களைப் பிடியுங்கள். மாதம் 500 ரூபாய் தர நூறு பேர் கிடைத்தால் ஆண்டுக்கு ஆறு லட்சம். உங்கள் முழுச் செலவில் பத்தில் ஒன்பது பங்கு. நூறு பேரைச் சேர்ப்பது எளிதல்ல, முதல் ஆண்டில் முப்பது பேர் சேர்ந்தாலே பெரிது. ஆனால் அந்தப் பணத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லை. நிறுவனப் பணம் தாமதமாகும் மாதங்களில் மதிப்பூதியத்தை நிறுத்தாமல் காப்பது அதுதான். வங்கி வழியாகவே வாங்குங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு 80ஜி சலுகை கிடையாது. நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்றிவிடுங்கள், தவறினால் தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

மூன்றாம் மணி:

நூறு பேர் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளின் படங்களை நிறுவனம் விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு குழு, பை வாங்கிய ஏழாம் வகுப்பு மாணவியை மூன்றுமுறை திரும்பத் திரும்ப வாங்கச் சொல்லிப் படமெடுத்தது. அவள் மறுநாள் அந்தப் பையைக் கொண்டுவரவில்லை.

தாமதப்பேருந்து:

இதை நான் மறுக்கப் போவதில்லை. அந்த வரியை நீக்கச் சொன்னால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்; யாரும் கேட்பதில்லை என்பதால்தான் எல்லா ஒப்பந்தத்திலும் அது தொடர்கிறது. பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் கூடாது என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். உங்கள் தரப்பிலும் எழுத்தில் ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கட்டும், இரண்டு பக்கம் போதும். மாலை நேரத்தில் பெண்பிள்ளைகள் வந்துபோகும் இடம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் பற்றி ஆசிரியைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று நல்ல நிறுவனமாக இருந்தால் அவர்களே கேட்பார்கள்.

பாலாற்றங்கரை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பேரேடு ஐயா சொன்னபடி அமைச்சக விளக்கத்தில் கோடிட்டு அனுப்பினோம். முதலில் பதிலில்லை. இரண்டாவது வாரம் அவர்களே மையத்தைப் பார்க்க வந்தார்கள், வந்த நேரம் சுண்டல் நேரம். வந்த அதிகாரியிடம் பீரோவைத் திறந்து அந்தப் பத்து டேப்லெட்டுகளையும் காட்டினேன். உப்பிய பேட்டரியை அவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து லட்சம் ஐந்து லட்சமாகவே நிற்கிறது, கூட்டவில்லை. ஆனால் மதிப்பூதியம் 2,88,000, சுண்டல் 1,05,600 இரண்டையும் திட்டச் செலவாக ஏற்றுக்கொண்டார்கள். மீதி 1,06,400இல் ஐந்து டேப்லெட்டும் புத்தக அலமாரியும் நோட்டுகளும். தொலைக்காட்சி கைவிடப்பட்டது. படம் பற்றிய வரியும் மாறிவிட்டது. மூன்றாண்டுத் திட்டமாகக் கேட்டதற்கு, முதலாண்டு அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். பாதித் தொகை முதலில், மறுபாதி ஆறாவது மாதம் பணம் சொன்னபடி செலவானது என்ற பயனீட்டுச் சான்று கொடுத்த பிறகு. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கு அவர்களிடம் இடமில்லை. வாடகைக்கும் அதற்குமாகத்தான் மாதம் 500 கேட்டு ஆள் சேர்க்கிறோம், இன்றுவரை 22 பேர்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். சுண்டலுக்கு ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்கிறார் அவர்கள் கணக்காளர். அந்த அம்மாவிடம் பில் புத்தகமே கிடையாது, கையெழுத்தும் போடத் தெரியாது. பொட்டலம் போடும் கடைக்கு மாற்றிவிடலாமா?

பேரேடு:

மாற்ற வேண்டாம். பதிவு வரம்புக்குள் வராத சிறு வியாபாரியிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்பதில் பொருளில்லை. உங்கள் அறக்கட்டளை பெயரில் எண்ணிட்ட வவுச்சர் அச்சடித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, எத்தனை நாள், எத்தனை பிள்ளை, என்ன விலை என்று எழுதி, அந்த வாரத்து வருகைப் பதிவேட்டின் நகலைப் பின்னால் இணைத்து, அம்மாவின் கைநாட்டு வாங்கி, பக்கத்தில் ஓர் ஆசிரியை சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். 60 பிள்ளை, 8 ரூபாய், ஐந்து நாள் என்றால் வாரம் 2,400தான் வரும். ரசீதில் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது. உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தால் அதிலேயே போட்டுவிடுங்கள், கைநாட்டும் வேண்டியிருக்காது. அந்தக் கணக்காளர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.